வழுக்காத வண்டி

“பஸ் ஸ்டாப்பு அந்தப் பக்கம். இவ எதுக்கு ஒர்க்‌ஷாப்புப் பக்கம் போறா?”

சன்னல் கம்பியில் மூக்கு பதிந்திருந்த சங்கிலியம்மாள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பதில் தெரியாமல் அவளால் உலை வைக்க முடியாது. குடையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு ஹேமாவதியின் பின்னால் நடந்தாள். மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

ஹேமாவதிக்கும் அவள் புருஷன் வேல்பாண்டிக்கும் ஒத்துப்போகவில்லை என்பது சங்கிலியம்மாளின் நெடுநாள் தீர்ப்பு. அல்லிநகரத்தில் அந்தத் தெரு முழுக்க அதை ஏற்றுக்கொண்டிருந்தது. மாமனார், மாமியார், கொழுந்தன், ஓரகத்தி, பிள்ளைகள் என்று கால் வைக்க இடமில்லாத வீடு. அதில் இருவரும் நின்று நாலு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை. வாரம் ஒருமுறை ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்கு பைக்கில் போவார்கள். அப்போதும் நடுவில் தூக்குவாளி. ஒருபக்கமாக உட்கார்ந்து, பின்கம்பியைப் பிடித்தபடி போவாள் ஹேமாவதி. தெருமுனைச் சேற்றில் வண்டி வழுக்கினால் மட்டும் அவன் தோளைப் பற்றிக்கொள்வாள்.

“அம்புட்டுப் பயம். ஆனா மழைன்னா முத ஆளாக் கிளம்பிருவா. பஸ்ஸுல போகச் சொன்னா கேக்க மாட்டா” என்று சங்கிலியம்மாள் ஊருக்கே சொல்லி வைத்திருந்தாள்.

போன ஐப்பசியில் வாய்க்கால் பாலத்தில் பைக் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். ஹேமாவதிக்கு முழங்காலில் தையல் போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் அவள். கண் கலங்கியவன் வேல்பாண்டி.

அதற்குப் பிறகுதான் அவன் கொச்சி வரை போய் அந்த மூன்று சக்கர ஸ்கூட்டரைக் கொண்டுவந்து இறக்கினான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஆட்டோவைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கிறதே என்று சங்கிலியம்மாள் கேட்டதற்கு அவன் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினான். ஈரத்தில் பின்சக்கரம் நழுவப் பார்த்தால் வண்டியே அதைக் கண்டுபிடித்து, எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்று பெயராம். அது வேலை செய்யும்போது மஞ்சள் விளக்கு மினுக்குமாம்.

நம்பாதவர்களுக்காகச் சோப்புத் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் கொட்டி, அதன்மேல் வண்டியை நிறுத்தி முறுக்கியும் காட்டினான். விளக்கு மினுக்கியது. வண்டியோ நிறைசினைப் பசுவைப் போல நிதானமாக நகர்ந்தது. நுரை முழுக்கச் சங்கிலியம்மாள் வாசலுக்குத்தான் வந்து சேர்ந்தது.

“இனிமே உன்னைய விழ விட மாட்டேன்” என்றான் வேல்பாண்டி, தெருவே கேட்க. ஹேமாவதி அந்த விளக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் நல்ல மழை. தெருமுனைச் சேற்றில் வண்டி துளியும் வழுக்கவில்லை; விளக்கு மட்டும் கண் சிமிட்டியது. போய்விட்டு வந்து இறங்கியவள் முகம் வாடிக் கிடந்தது. இனிமேல் பஸ்ஸில் வந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

வேல்பாண்டி ஒடிந்துபோனான். அதன்பின் மழை பெய்யும் நாட்களில் வண்டியைத் துடைத்துவிட்டு, வாசற்படியையே பார்த்தபடி நிற்பான். கூப்பிட மாட்டான். அவள் மாடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இறங்கி வர மாட்டாள். கடைசியில் அவன் தனியாகக் கிளம்பிப் போவான். இவ்வளவு ஆசையாக வாங்கிய மனுஷன் பின்னால் உட்காராத கல்நெஞ்சுக்காரி என்று தெரு அவளுக்குப் பட்டம் கட்டியது.

இப்போது அந்தக் கல்நெஞ்சுக்காரி மெக்கானிக் நாகராஜின் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாள். தூறலுக்கு ஒதுங்குகிறவள் போல, கையில் குடையோடு, சங்கிலியம்மாள் தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒட்டி நின்றாள்.

“என்ன மதினி, அண்ணன் வண்டில எதும் கோளாறா?” என்றான் நாகராஜ்.

“கோளாறு ஒண்ணும் இல்ல தம்பி.” அவள் குரல் தாழ்ந்தது. “அந்த மஞ்ச வெளக்கு வேலை செய்யாம நிறுத்தி வைக்க முடியுமா? நான் கேட்டேன்னு அவுககிட்டச் சொல்லிராத.”

“வழுக்குமே மதினி.”

“லேசா வழுக்கட்டும். விழ வேணாம். ஒரு பிடி பிடிச்சுக்கிற அளவுக்கு வழுக்குனாப் போதும்.”

சொல்லிவிட்டு அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். சங்கிலியம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாகக் காதைத் தடுப்பிலிருந்து எடுக்கலாமா என்று யோசித்தாள். எடுக்கவில்லை.

நாகராஜ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

“அதுக்கு ஒரு பட்டன் இருக்கு மதினி. காலைல அண்ணனும் வந்து இதையேதான் கேட்டுட்டுப் போனாக, மதினிகிட்டச் சொல்லிராதடான்னு.”