ஏழு தரம்

"இண்டைக்கும் தொடங்கிற்றார்!"

துறைமுகத்தடித் தேத்தண்ணிக்கடைப் புஸ்பராணிக்குப் பத்திக்கொண்டு வந்தது. எதிரே குழாயடியில் ஐஸ்கடை முனீப், கையில் மண்ணைப் பூசித் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தெருவில் திரிகிற கறுப்பு நாய், தலையை ஒரு பக்கம் சரித்தபடி நின்றது.

நாயின் எச்சில் பட்டால் மண் சேர்த்து ஏழு தரம் கழுவுவது முஸ்லிம்களின் முறை என்று அவளுக்குத் தெரியும். அதற்காக ஒவ்வொரு நாளுமா? கோப்பையை ணங்கென்று வைத்துவிட்டு நேரே போனாள்.

"முனீப் நானா, அது வாயில்லாச் சீவன். நான் நாள் தவறாமல் தின்னப் பாண் போடுறன். கிட்ட வந்து நிண்டதுக்கே உங்களுக்கு இவ்வளவு அருவருப்போ?"

முனீப் குழாயை இறுக்கிப் பூட்டினார்.

"எங்க நிண்டு போடுறீங்க?"

"கடை வாசலில நிண்டுதான். ஏன்?"

"அதின்ட கழுத்தை ஒரு நாளாவது குனிஞ்சு பாத்தீங்களா?"

அப்போதுதான் பார்த்தாள். காதுக்குக் கீழே உள்ளங்கையளவு புண். அதன்மேல் மஞ்சள் மருந்து. குழாய்க்கட்டில் முள் பிடுங்குகிற சாவணம் ஒன்று கிடந்தது. பக்கத்தில் பேப்பர்த் துண்டில் புழுக்கள் நெளிந்தன.

"பத்து நாளா ஒவ்வொண்டாப் பிடுங்கிறன். நோவு தாங்க ஏலாமல் என்ட கையைத்தான் நக்கும். தொழப் போகவேணும், கழுவுறன்."

முனீப் விடவில்லை.

"தூர நிண்டு பாண் எறியுற கையைக் கழுவத் தேவையில்லைத்தான், அக்கா."