ஏழாவது குழந்தை

"தொட்டா போலீஸ். அப்புறம் அழக்கூடாது," என்றார் மியூசியம் காவலாளி. மூக்கிலிருந்து வரும் குரல். வகுப்பு மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டது.

படத்தின் பெயர் 'கடலோரம் ஏழு குழந்தைகள்'. பத்தடி தள்ளி நின்றால் குழந்தைகள் அலையில் ஆடுகிறார்கள். கிட்டே போனால் ஆளுக்கொரு பெயின்ட் பொட்டு, அவ்வளவுதான்.

"நூறு வருஷத்துப் படம் கண்ணுங்களா, விலையே சொல்ல முடியாது," என்று பாட்டாகப் பாடிவிட்டு டீச்சர் அடுத்த அறைக்குப் போனார். காவலாளியும் பின்னாலேயே போனார்.

நான் மட்டும் நின்றேன்.

"தொட்டா போலீஸ்," என்று அவர் மாதிரியே மூக்கால் சொல்லிக்கொண்டு, ஓரமாக நின்ற சிவப்புக் குழந்தையை லேசாகத் தொட்டேன்.

குழந்தை விரலோடு வந்துவிட்டது.

எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறேதான்.

தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டு சுண்டெலி உள்ளே வந்தான். எங்கள் வகுப்பிலேயே பொடியன். அவன் பின்னாலேயே காவலாளி. படத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. பாய்ந்து சுண்டெலியின் சட்டையைப் பிடித்தார்.

"கையைக் காட்டுடா."

கையெல்லாம் சிவப்பு.

"மிட்டாய் சார். சத்தியமா மிட்டாய் சார். வேணும்னா நக்கிக் காட்டறேன் சார்."

"கதை விடாதே. நட, ஆபீசுக்கு. உன் அப்பனை வரச் சொல்றேன்."

சுண்டெலியின் உதடு நடுங்கியது. ஊரில் இருக்கிற குரலெல்லாம் வரும் என் தொண்டையில் சொந்தக் குரல் மட்டும் வரவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டும்போதுதான் வந்தது.

"சார், நான்தான்."

உள்ளங்கையை விரித்தேன். சிவப்புப் பொட்டு.

காவலாளி சுண்டெலியை விட்டார். அவன் ஓடிப்போனான். அவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், என்னை நோக்கி நடந்து வந்தார்.

பொட்டை எடுத்துப் படத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். வாசலை மறுபடி எட்டிப் பார்த்தார்.

"போன மாசம் தூசி தட்டறப்ப நிஜப் பொட்டை நான்தான் உதிர்த்துட்டேன். இது என் பொண்ணோட மெழுகுக் கலரை உருக்கி ஒட்டினது," என்றார். மூக்குக் குரலைக் காணோம். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி. வேலை போயிடும்."