சூடாகாத வண்டி

என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகும் என்று கம்பெனி திரும்ப அழைத்த கார்களின் சொந்தக்காரர்கள் சர்வீஸ் சென்டரில் சத்தம் போட, பேராசிரியர் மட்டும் மிடுக்காக நின்றார்.

"என் வண்டி ரெண்டு வருஷத்துல ஒருநாள்கூட சூடானதில்லப்பா. பெட்ரோல் திருடின டிரைவரை முந்தாநாள் விரட்டிட்டு, நானே ஓட்டிட்டு வந்தேன்."

மெக்கானிக் பானட்டைத் திறந்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதுலதான் சார் ஒழுக்கு அதிகம். தினமும் யாரோ கூலன்ட் ஊத்தியிருக்காங்க. இல்லேன்னா என்ஜின் என்னிக்கோ வெந்திருக்கும்."

பேராசிரியருக்கு முந்தாநாள் நடந்தது நினைவுக்கு வந்தது. வண்டியருகே கேனும் கையுமாக நின்ற டிரைவர், "தண்ணி ஊத்துறேன் சார்" என்றபோது, "புது வண்டிக்கு எதுக்குடா தண்ணி? யார் காதுல பூ சுத்தற, பெட்ரோல் திருடா!" என்று தெருவே கேட்கக் கத்தியவர் அவர்.

உடனே டிரைவர் வீட்டுக்குப் போன் போட்டார். அவன் மனைவி எடுத்தாள்.

"அவர் நேத்தே ஊரை விட்டுப் போயிட்டார் சார். திருடன்னு பேரெடுத்தவருக்கு இங்க யாரு வண்டிச் சாவி குடுப்பா?"