கூடுதலாக ஒருவர்

அகதி முகாமில் மாதந்தோறும் ஆள் கணக்கெடுப்பு உண்டு. இப்போதெல்லாம் கையெழுத்து வேண்டாம், விரல் வைத்தால் போதும். உடம்பில் என்ன கோளாறு என்பதையும் கருவியே சொல்லிவிடும். போன மாதம் யோகமலரின் மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தது அதுதான்.

கணவனும் மாமியாரும் வைத்த பிறகு யோகமலர் விரல் வைத்தாள். அதிகாரி நிமிர்ந்தார்.

"உங்க வீட்ல நாலு பேருன்னு காட்டுதே?"

அவள் அவசரமாக இரு கைகளையும் விரித்தாள். பதியாத ஆளை வீட்டில் வைத்திருந்தால் சும்மா விடமாட்டார்கள்.

"சத்தியமா மூண்டு பேர்தான் ஐயா! ஒருத்தரையும் ஒளிச்சு வைக்கேல்லை. வந்து பாருங்கோ!"

பக்கத்திலிருந்த நர்ஸ் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஒளிச்சுத்தான் வச்சிருக்கீங்க. ஏழு வாரமாச்சு."

மாமியார் அதிகாரியின் மேசையைத் தட்டினாள்.

"பிறகென்ன ஐயா? நாலெண்டே எழுதுங்கோ!"