மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி

“எங்க போயிட்டீங்க இவ்வளவு நேரம்? ஊசி போடற நாள்னு மறந்துட்டீங்களா?”

கதவைத் திறந்தவளின் கையில் மருந்துக் குப்பி இருந்தது. எண்ணெய் மருந்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிச் சூடாக்கினால்தான் அதிகம் வலிக்காமல் இறங்கும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, புருஷனுக்காக இந்த உருட்டலை அவள் தவறாமல் செய்வாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்து, தண்ணீர் கொடுத்து அனுப்புவது அவன் தொழில். அன்று மாலை அவனே மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“கை கால் கழுவிட்டு வாங்க. இந்தத் தடவை இடது பக்கம்.”

இரண்டு வருடங்களுக்கு முன், ஓடிக்கொண்டிருந்த லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். கூட இருந்தவர்கள் பிடித்து இழுத்ததால் பிழைத்தான். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால், ஆண்களுக்கு இருக்க வேண்டிய ஹார்மோன் பாதிகூட இல்லை. ஊசி ஆரம்பித்த பிறகுதான் மனுஷன் மறுபடி மனுஷனானான்.

இதற்குப் போய் வெளியில் யாரிடமாவது ஊசி போட்டுக்கொள்வதா என்று அவனுக்கு வெட்கம். அவள் மருந்துக்கடையில் இருப்பதும், ஊசி போடப் படித்திருப்பதும் வசதியாகப் போயிற்று. தெருவில் அவளுக்கு ‘மாத்திரை அக்கா’ என்றே பெயர். இருமல் மருந்து வாங்க வந்தவரைக்கூட, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதம் முழுவதையும் படித்துச் சொல்லாமல் அனுப்ப மாட்டாள்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றான். மதியம் அந்தப் பெண் டாக்டர் சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. மனைவிக்கு இரண்டு வருடமாகப் பார்க்காத சோதனை இல்லை, அவனையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவர்தான் வரச் சொல்லியிருந்தார்.

“விந்தணு ஒண்ணுகூட இல்லையே. ஹார்மோன் ஊசி ஏதாவது போட்டுக்கறீங்களா?”

தலையைக் குனிந்துகொண்டே ஆமாம் என்றான்.

“வெளியிலேருந்து ஹார்மோன் போனா, மூளை ‘அதான் வருதே’ன்னு சும்மா இருந்துடும். விந்தணு உற்பத்தியே நின்னுபோயிடும். குழந்தை வேணும்ங்கறவங்களுக்கு இந்த ஊசியைக் கொடுக்கவே மாட்டாங்க. ஊசி எழுதின டாக்டர் இதெல்லாம் கேக்கலையா?”

“தெரியலைங்க. நான் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போயிட்டேன். மருந்து விஷயமெல்லாம் வீட்டுக்காரிதான் பேசினா.”

குழாயை மூடினான். எப்படிச் சொல்வது அவளிடம்? ஊசி ஆரம்பிப்பதற்கு முன்பே இரண்டு கரு தங்காமல் போயின. இரண்டாவது தடவை ரத்தம் நிற்காமல் போய், எட்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். கண் விழித்ததும், “இதோட போதுங்க, என்னால முடியாது” என்றாள். வலியில் பேசுகிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். “அடுத்தது நிச்சயம் நிக்கும்” என்று அவன் அம்மாவும் தேற்றினார்.

அதற்கப்புறம் ஒன்றுமே உண்டாகவில்லை. அம்மா போன் செய்யும்போதெல்லாம் குத்திக் காட்டுவதை அவள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் கேட்டுக்கொண்டாள். இப்போது போய், உன் கையால் போட்ட ஊசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் உடைந்துபோவாள். சொல்லாமல் விட்டாலோ, வெளியே ஊசி தயாராக இருக்கிறது.

“இன்னும் என்ன பண்றீங்க உள்ள? மருந்து ஆறிடும்.”

வந்து கட்டிலில் குப்புறப் படுத்தான். பஞ்சின் ஈரம் இடுப்பில் பட்டதும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

“வேண்டாம்மா. இனிமே இந்த ஊசியே வேண்டாம்.”

“ஏன்? மறுபடி வேலையில தூங்கி விழறதுக்கா?”

தலையணையைப் பார்த்துக்கொண்டே, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான். அவள் ஊசிக்கு மூடியைப் போட்டு மேஜைமேல் வைத்தாள். அழவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

“நிறுத்திட்டா சரியாயிடுமாமா?” என்று கேட்டாள்.

“ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகலாமாம். பெரும்பாலும் திரும்பிடும்னாங்க. சோர்வுக்கு வேற வைத்தியம் இருக்காம். நமக்கு இன்னும் வழி இருக்கும்மா.”

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். ரெண்டு வருஷம் வீணாய்ப் போனதே என்று மறுகுகிறாள் போலிருக்கிறது. அவனுக்கு மனசு தாங்கவில்லை.

“உன்மேல ஒரு தப்பும் இல்ல. அம்மாகிட்ட நானே பேசிக்கறேன். தெரியாம செஞ்சதுக்கு நீ ஏன் வருத்தப்படறே?” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“தெரிஞ்சுதாங்க போட்டேன்.”