ஒட்டு நிற்கிறது

தொழில்நுட்பக் கல்லூரியின் தகரக் கொட்டகைக்குள் உச்சி வெயில் ஆணித் துளைகளால் ஒழுகுகிறது. தவமலர் வெல்டிங் செய்த தகடு, மேசையில் பூட்டிய வைஸ் இடுக்கியின் வாயில் இறுகிக் கிடக்கிறது. அவரவர் வெல்டிங் ஒட்டை அவரவரே சம்மட்டியால் அடித்துப் பார்க்க வேண்டும். அதுதான் இங்கே சோதனை. ஒட்டுப் பிளந்தால் தோல்வி. ஒட்டு நிற்க, பக்கத்து இரும்பு கிழிந்தால் சித்தி. வானத்தால் விழுகிற இரும்பைத் தவிர வேறெந்த இரும்பையும் ஆமிக்காரர் வன்னிக்குள் வர விடுகிறார்கள் இல்லை. ஆளாளுக்கு வீட்டில் கிடந்ததைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவள் கொண்டுவந்தது, நெடுங்கேணியில் ஷெல் விழுந்த அவர்களது ட்ரக்டர் பெட்டியின் பக்கத் தகடு. நெல்மூட்டைகளின் மேல் இருந்த தம்பியை அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் அள்ளி எடுத்தார்கள். சம்மட்டி தலைக்கு மேலே போய் இறங்குகிறது. கொட்டகை முழுக்க அதிர்கிறது. தகடு வளைய, பச்சைப் பெயின்ற் செதில் செதிலாகத் தெறித்து அவள் கன்னத்தைக் கீறுகிறது. இரத்தத்தை அவள் துடைக்கவில்லை. "மெல்ல அடியும் தவம், கை போயிடும்," என்கிறான் கூடப் படிக்கும் றஜீபன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் உயர ஓங்குகிறாள். அடுத்த அடியில், ஷெல் துண்டு கீறியிருந்த இடத்தால் இரும்பு கிழிந்து, பாதித் தகடு நிலத்தில் விழுந்து துள்ளுகிறது. மாஸ்ரர் குனிந்து பார்க்கிறார். ஒட்டு அப்படியே நிற்கிறது. "பாஸ் பிள்ளை. சம்மட்டியைக் கீழ வையும்." "ஓம் சேர்," என்கிறாள். விழுந்த துண்டை எடுத்து, வைஸில் வைத்து இறுக்கிவிட்டு, மறுபடியும் சம்மட்டியை ஓங்குகிறாள்.