ஒட்டாத கண்வலி

“இந்தப் புரளியைக் கிளப்பினது யாருன்னு மட்டும் தெரியட்டும், உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.”

ஆளில்லாத நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டே பொரிந்தாள் பார்லர் அக்கா. வாசலில் உட்கார்ந்து ஹேர் டிரையரின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்த கணவர், வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினார். லிப்ட் மெக்கானிக். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். வாயில்லாப் பூச்சி என்றுதான் தெருவே சொல்லும்.

முடக்குவாதம் அக்காவுக்குப் பழகிப்போன சங்கதி. விரல் வீங்கினாலும் மணிக்கட்டு வலித்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நூலைப் பல்லில் கடித்துப் புருவம் திருத்த நின்றுவிடுவாள். போன வாரம் இடது கண் சிவந்து உள்ளுக்குள் குடைந்தது. டாக்டரிடம் போகலாம் என்று கணவர் சொல்லிப் பார்த்தார்.

“ஆளுங்க வந்துக்கிட்டே இருக்கும்போது கடையைப் பூட்டிட்டு எப்படிங்க போறது?” என்று தட்டிக்கழித்தாள்.

இந்த வாரம் ஈ காக்கைகூட வரவில்லை. பார்லர் அக்காவுக்கு ஒட்டுகிற கண்வலியாம், கிட்டவே போகாதே என்று தெரு முழுக்கப் பேச்சு. எதிர்வரிசையில் புதிதாகப் பார்லர் திறந்தவளின் வேலைதான் இது என்பதில் அக்காவுக்குத் துளியும் சந்தேகமில்லை.

“இது ஒட்டாதுன்னு டாக்டர்கிட்ட சீட்டு எழுதி வாங்கி, கதவுலயே மாட்டறேன். அப்ப அவ மூஞ்சியை எங்கே வெச்சுக்குவான்னு பார்க்கலாம்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் கணவர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

கண் டாக்டர் விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஒட்டாது என்றார். அக்கா வெற்றியோடு பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மூட்டைப் பிடித்த நோயே கண்ணின் வெள்ளையையும் பிடித்திருக்கிறது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்று சொல்லிவிட்டு, அவளுடைய மூட்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

நல்லவேளை, மருந்து கேட்டது. சில வாரங்களில் குடைச்சல் அடங்கிக் கண் வெளுத்தது. பார்லர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அக்கா ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பிறகு ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு எதிர்வரிசைக்குக் கிளம்பினாள்.

“வேண்டாம். விடு,” என்றார் கணவர். அன்றைய நாலு வார்த்தையில் இரண்டு செலவாகிவிட்டது.

“கெட்டது நினைச்சுத்தான் செஞ்சிருப்பா. ஆனா அவ வாயாலதானே என் கண்ணு பொழைச்சுது? ஒரு நன்றி சொல்லாட்டி எனக்கு மனசு ஆறாதுங்க.”

எதிர்ப் பார்லர்க்காரி பையைக் கையில் வாங்கிக்கொண்டு திருதிருவென விழித்தாள்.

“ஐயோ, நான் எதுவும் சொல்லலைக்கா. எனக்கே உங்க வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். ‘ஒட்டுற கண்வலி, கொஞ்ச நாளைக்கு யாரும் அந்தப் பக்கம் போயிடாதீங்க’ன்னு வீடு வீடாப் படியேறி, மூச்சு வாங்கச் சொல்லிட்டுப் போனாரே.”

அக்கா பையிலிருந்து ஒரே ஒரு ஆப்பிளை எடுத்து அவள் கையில் வைத்தாள். மீதிப் பையை வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வீட்டைப் பார்த்து விறுவிறுவென நடந்தாள்.